மாப்பிள்ளை வண்டியும் ஒட்டன்சத்திரத்துத் தாரும்

இரவல் வாங்கும் பொருள்களில் பல தரம் உண்டு. புத்தகத்தை இரவல் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க மறந்துபோவது உலக வழக்கமாகிவிட்டது. குடையை இரவல் வாங்கினாலோ, மழை நின்றதும் அதன் ஞாபகமும் நின்றுவிடுகிறது. ஆனால் மாப்பிள்ளையின் மோட்டார் வண்டியைப் பொறுப்பேற்றுக்கொண்ட மாமனார் நிம்மதியாக நித்திரை செய்தார் என்று எந்தக் கதையிலும் நாம் படித்ததில்லை.

உண்மையைச் சொல்வதானால், நாம் அதைக் கேட்கவும் இல்லை. உத்தியோக நிமித்தம் மூன்று மாத காலம் மனைவியுடன் கடல் கடந்து செல்ல நேர்ந்த நம் மாப்பிள்ளை, தம்முடைய புத்தம் புதிய வெள்ளை வண்டியைத் திண்டுக்கல்லில் நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஓடாமல் நின்றால் பாட்டரி இறங்கிவிடும், மாமா. வாரத்துக்கு ஒரு தடவை நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால் போதும்" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார். பதினோரு வாரம் கண்ணை இமை காப்பதுபோல் அந்த வண்டியை நாம் காத்தோம். பன்னிரண்டாவது வாரத்தில்தான் வினை வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பி வருகிறார்கள். விருந்துக்குக் காய்கறி ஒட்டன்சத்திரத்திலிருந்துதான் வரவேண்டும் என்று நம் வீட்டம்மாள் தீர்மானித்துவிட்டாள். அந்தத் தீர்மானத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஒட்டன்சத்திரத்துக் காந்தி மார்க்கெட் தமிழ்நாட்டின் மிகப் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. தக்காளியும் முருங்கையும் கத்தரியும் வெண்டையும் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன; அங்கிருந்து லாரி ஏறிக் கேரள தேசத்தார் இலையில் அவியலாகவும் சாம்பாராகவும் போய்ச் சேருகின்றன. வியாழக்கிழமை அதிகாலையில் புறப்பட்டு, இரண்டு பேர் தின்பதற்கு இருபது பேருக்கான காய்களை வாங்கிக்கொண்டு, பதினோரு மணி வெயிலில் திண்டுக்கல்லை நோக்கித் திரும்பினோம்.

ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பையன் சிவப்புத் துணியை ஆட்டி, வண்டிகளைப் பக்கத்து மண் பாதையில் இறங்கி மெதுவாகப் போகும்படி சமிக்ஞை காட்டினான். மண் பாதையில் புழுதி பறந்தது. வெள்ளை வண்டியில் புழுதி படியுமே என்ற ஒரே கவலையால், நாம் பையனைப் பார்த்தும் பாராதவர்போல், எதிரே பளபளவென்று நீண்டு கிடந்த சாலையிலேயே வேகமாகச் சென்றுவிட்டோம். அந்தப் பளபளப்பு அப்போதுதான் தெளிக்கப்பட்ட தார் என்பது, வண்டியின் அடியில் பொரி பொரிவதுபோல் 'சடசட' என்று சத்தம் எழுந்த பிறகே நமக்கு விளங்கிற்று.

வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். கதவுகளின் கீழ்ப்பாகம் முழுவதும், சக்கரங்களுக்குப் பின்னால் இன்னும் அதிகமாக, பழுப்பு நிறப் புள்ளிகள் சிதறியிருந்தன. சாலையோரத்தில் ஜல்லிக் கூடையுடன் நின்றிருந்த ஓர் அம்மாளின் சேலையிலும் முழங்காலுக்குக் கீழேயும் அதே புள்ளிகள். அவை நம் சக்கரம் வாரி இறைத்தவை. நல்லவேளையாக அந்தத் தார் கொதிநிலையில் இல்லை. நம்மை என்ன சொல்லித் திட்டினாலும் தகும். அந்த அம்மாளோ திட்டவில்லை. மரத்தடியில் வைத்திருந்த சிறு சீசாவிலிருந்து தேங்காயெண்ணெயைக் கையில் வார்த்துக் காலில் தேய்த்துக்கொண்டே, "தண்ணி இருந்தா இப்பவே ஊத்திக் கழுவிடுங்க, சாமி. கருத்துப் போச்சுன்னா அப்புறம் எண்ணெய்தான்" என்று சொன்னார்.

வண்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருந்தது. ஆயினும் நமக்கு அந்த இடத்தை விட்டு அகன்றால் போதும் என்றிருந்தது. "மன்னித்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று ஒரு வார்த்தை முணுமுணுத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டோம். வீடு வந்து சேர்ந்தபோது பழுப்புப் புள்ளிகள் எல்லாம் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தன.

அந்த அம்மாள் சொன்னது எவ்வளவு தேர்ந்த விஞ்ஞானம் என்பது பின்னர்தான் நமக்குத் தெரிந்தது. பழைய சாலையின்மேல் புதுத் தளம் போடுமுன், இரண்டும் ஒட்டிக்கொள்வதற்காக ஒரு மெல்லிய தார்ப் பூச்சுத் தெளிக்கிறார்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறையக் கால் கிலோ. இதற்குப் பெரும்பாலும் உபயோகிப்பது, மோரில் வெண்ணெய்த் துளிகள் மிதப்பதுபோல் தண்ணீரில் தார்த் துளிகளை மிதக்கவிட்ட ஒரு பால்மம். தண்ணீர் கூட இருக்கும் வரையில் அது பழுப்பு நிறமாக இருக்கும், தண்ணீராலேயே கழுவிவிடலாம். தண்ணீர் பிரிந்து போனதும் கறுத்துவிடும். கறுத்த பிறகு குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டினாலும் பிரயோஜனமில்லை. ஆகையால் நேயர்கள் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்: பழுப்பாக இருக்கும்போதே தண்ணீர், கறுத்த பின் எண்ணெய்.

அன்று மாலை நம் வாசலில் ஒரு சபை கூடிவிட்டது. எதிர்வீட்டு அன்பர் பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைக்கச் சொன்னார். அடுத்த வீட்டு அன்பர் பெயின்ட் கடைத் தின்னரே உத்தமம் என்றார். மூன்றாமவர், சவரம் செய்யும் பிளேடால் மெல்லச் சுரண்டினால் போதும், காசு செலவில்லை என்றார். காசு செலவில்லை என்ற வார்த்தைக்கு மயங்காத மத்தியதர வகுப்பினர் யார்? பிளேடை எடுத்தோம். இடது பின் கதவில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்த பிறகே அதைக் கீழே வைத்தோம். அந்தக் கீறலுக்கு வேறு எவரையும் பொறுப்பாக்க இயலாது. அது முழுக்க முழுக்க நம் கைவண்ணம்.

வெள்ளிக்கிழமை காலை, மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசுவதில் முப்பது வருஷம் பழகிய ஒரு மேஸ்திரியிடம் போய் நின்றோம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கீறலைக் கண்டதும் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "தாரைவிட மனுஷன்தானுங்க வண்டிக்குச் சத்துரு" என்றார். பிறகு சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதையும், நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே கிரமமாகச் சொல்கிறோம்.

வண்டியின் வர்ணம் என்பது ஒரே பூச்சு அன்று. தகட்டைத் துருவிலிருந்து காக்கும் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோன்ற தெளிபூச்சு என்று பல அடுக்கு. அத்தனையும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மேலே உள்ள தெளிபூச்சோ தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. அதன்மேல்தான் நாம் பிளேடு பிடித்தோம்!

தார் எண்ணெய் ஜாதியைச் சேர்ந்தது. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கெட்டிக் குழம்பே இன்றைய சாலைத் தார். நிலக்கீல் என்று நூல்களில் எழுதுகிறார்கள். சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையிலும் இது உற்பத்தியாகிறது. முற்காலத்தில் தார் என்றது நிலக்கரியிலிருந்து வந்தது. அது புற்றுநோய்க்குக் காரணமாவது தெரிந்து, சாலைகளில் அதன் உபயோகம் அநேகமாக நின்றுவிட்டது. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. எண்ணெய் ஜாதி எண்ணெய்க்குத்தான் கரையும்; ஆகவே தாரைப் போக்க அதன் சுற்றத்தாரையே அழைக்க வேண்டும்.

இனிச் செய்முறை. வண்டியை நிழலில் நிறுத்தித் தகடு ஆறும் வரையில் காத்திருக்க வேண்டும். முதற்காரியமாக நிறையத் தண்ணீர் விட்டு, வண்டி கழுவும் சோப்பால் மண்ணையும் மணலையும் போக்க வேண்டும். மணல் இருக்கும்போது துணியால் தேய்த்தால், அது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமானம். ஈரம் உலர்ந்த பின், கடைகளில் தார் நீக்குவதற்கென்றே விற்கும் திராவகத்தையோ, மண்ணெண்ணெயையோ, பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்ப்பன்டைனையோ மெல்லிய துணியில் நனைத்து, புள்ளியின்மேல் ஒன்றிரண்டு நிமிஷம் ஒற்றி வைக்க வேண்டும். முதலில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் பரீட்சை செய்து பார்ப்பது விவேகம்; விபத்துக்குப் பின் மறுபடி வர்ணம் பூசிய இடமானால் அவசியமே. தார் இளகிப் பழுப்பாகக் கசியத் தொடங்கும். அப்போது அழுத்தாமல் ஒரே திசையில் துடைத்து எடுக்க வேண்டும். துணியின் ஒரு பக்கம் கறுத்ததும் மடித்து மறுபக்கத்தை உபயோகிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரிடத்துத் தாரை எல்லா இடத்துக்கும் பூசியவர்களாவோம். ஒரு முறையில் போகாத புள்ளிக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பலத்தால் ஆகாதது பொறுமையால் ஆகும்.

அவசரமில்லாதவர்களுக்குத் தேங்காயெண்ணெயே போதும். கொஞ்சம் தாராளமாகத் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டால் சிறு புள்ளிகள் இளகிவிடும். எதை உபயோகித்தாலும், முடிந்ததும் மறுபடி சோப்புத் தண்ணீரால் கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். அதன் பிறகு வண்டிக்கென்று உள்ள மெழுகைப் பூசினால், அடுத்த தடவை தார் அவ்வளவு இறுகப் பற்றாது. காரியத்தை ஒத்திப்போடவும் கூடாது. வெயில் பட்டுப் பட்டுத் தார் இறுகுகிறது. அதிலுள்ள எண்ணெய் வர்ணத்துக்குள் இறங்கி, வெள்ளை வண்டியில் மஞ்சள் கறையாகத் தங்கிவிடுவதும் உண்டு.

சக்கரங்களின் கதை சற்று வேறு. வெளிப்பக்கத்துப் புள்ளிகளை எல்லாரும் பார்க்கிறோம். வளையத்தின் உட்புறம் ஜல்லிப் பொடியோடு சேர்ந்து அப்பிக்கொண்டிருக்கும் தாரை எவரும் பார்ப்பதில்லை. அது ஒரு பக்கமாகக் கட்டிகட்டியாக இறுகினால் சக்கரத்தின் சமநிலை கெட்டு, வேகமாகப் போகும்போது கையில் பிடித்த வளையம் நடுங்குகிறது. வண்டி பழுது என்று பயந்து பட்டறைக்குப் போனால், அங்கே காரணம் ஒரு கைப்பிடித் தாராக இருக்கும். சக்கரம் நன்றாக ஆறிய பின்பே இதைச் சுத்தம் செய்ய வேண்டும். எண்ணெயைத் துணியில் நனைத்துத்தான் துடைக்கலாமேயன்றி, மேலே தெளிக்கக் கூடாது. பிரேக்கின் தட்டிலும் கட்டையிலும் எண்ணெய் பட்டால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது; அது உயிர் சம்பந்தமான விஷயம். ரப்பருக்கும் மண்ணெண்ணெய் ஆகாது; டயரின்மேல் பட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும். டயரில் ஒட்டிய தாரைப் பற்றிக் கவலை வேண்டாம். சாலை கொடுத்ததைச் சாலையே வாங்கிக்கொள்ளும்.

நம் வாசல் சபையார் சொன்ன யோசனைகளுக்கும் மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார். பெட்ரோல் தாரைக் கரைக்கும், சந்தேகமில்லை. ஆனால் நாற்பது டிகிரி உறைகுளிரிலும் அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. நம் ஊர் வெயிலில், அடுப்பு எரியும் வீட்டருகே, பெட்ரோல் நனைந்த துணியை வைத்துக்கொண்டு உட்காருவது உயிரோடு விளையாடுவதாகும். மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் பற்றாது. ஆயினும் அதையும் வெளியிலேதான் உபயோகிக்க வேண்டும். தின்னரோ தாரோடு நில்லாது, வர்ணத்தையும் கரைத்துவிடும். பிளேடைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீறலை மட்டும் ஒரு முறை பார்த்தார். அழுக்கான துணிகளை நெருப்பருகே குவிக்காமல் வெட்டவெளியில் உலர்த்தி எறியவேண்டும் என்பதையும், மிச்ச எண்ணெயைச் சாக்கடையில் கொட்டலாகாது என்பதையும் நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று உண்டு; இது வண்டியைவிட முக்கியமானது. காய்ச்சிய தாரை ஜல்லியோடு கலக்கும்போது அதன் சூடு 150 டிகிரிக்கும் மேல். அது மேலே பட்டுவிட்டால் உரித்து எடுக்கக் கூடாது. தோலும் கூடவே வந்துவிடும். உடனே அந்த இடத்தில் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, தார் ஒட்டியபடியே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எண்ணெய் தடவுவது ஆறிய தாருக்குத்தான்.

இத்தனை தொல்லை தரும் இந்தத் தாரைச் சாலைக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்று வெள்ளி இரவு நமக்குக் கோபம் வந்தது. புரட்டிப் பார்த்ததில் அதற்கும் காரணம் மோட்டார் வண்டிதான் என்று தெரிந்தது. ஜல்லியை நொறுக்கிக் கெட்டித்துப் போட்ட பழைய சாலைகள் மாட்டு வண்டிக்குப் போதுமானவையாக இருந்தன. மோட்டார் வண்டி வந்ததும் அதன் வேகம் புழுதியைக் கிளப்பி ஊரையே மூடிற்று. 1902-ல் மொனாக்கோ தேசத்தில் குக்லியெல்மினெட்டி என்ற வைத்தியர் புழுதியை அடக்கச் சாலையில் தார் பூசிக் காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹூலி என்ற சாலைப் பொறியாளர் தாரையும் உலைக்கசடையும் கலந்து தளம் போடும் முறைக்கு உரிமை பெற்றார். நம் தேசத்தில் ஸ்ரீ எம். ஆர். ஜயகர் தலைமையில் 1927-ல் அமைந்த கமிட்டியும், 1934-ல் ஏற்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸும் நல்ல சாலைகளுக்கு வழி வகுத்தன. மேனாட்டார் கற்றுத் தந்த வித்தை என்று மட்டும் எண்ண வேண்டாம். மொகஞ்சதாரோவின் பெரிய குளத்தில் நீர் கசியாதிருக்க நம் முன்னோர் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள்.

நமக்கு அண்டையிலேயே மற்றொரு பெருமை இருக்கிறது. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் ஸ்ரீ ராஜகோபாலன் வாசுதேவன், குப்பையில் எறியும் பிளாஸ்டிக்கைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின்மேல் உருக்கிப் பூசி, அதன்மேல் தாரைக் கலந்தால் சாலை உறுதிப்படும் என்று கண்டார். அதற்காக 2018-ம் வருஷம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. சாதாரணச் சாலைத் தார் ஐம்பது டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும்; நம் சமவெளியில் முதுவேனிலில் சாலையின் மேற்புறம் அறுபது டிகிரியை எட்டுவதுண்டு. இளகாத சாலை என்பது வண்டிக்காரருக்கு மட்டுமா உபகாரம்? திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் இந்தச் சாலையில்தானே, தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள்! ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று ஊர்களின் பெயரிலேயே வழிப்போக்கர் தங்கிய சத்திரங்கள் இன்னும் இருக்கின்றன. இது நடப்பவர்களின் சாலை. நாம்தான் பிறகு வந்து சேர்ந்தோம்.

சனிக்கிழமை முழுவதும் நாமும் வீட்டம்மாளும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து துடைத்தோம். கால் லிட்டர் டர்ப்பன்டைனும் ஏழு துணிகளும் செலவாயின. சூரியன் மறையும்போது வண்டி பழைய வெண்மையோடு நின்றது. கீறலைத் தவிர, தார் விழுந்த சுவடே இல்லை.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வந்து இறங்கினார். கீறலை மறைக்க அந்தப் பக்கத்தைச் சுவரோரமாக நிறுத்தினால் என்ன என்ற அற்ப புத்தி நமக்கு வந்தது உண்மை. ஆனால் வீட்டம்மாள் பார்த்த பார்வையில் அந்த யோசனை கரைந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டோம்: சிவப்புத் துணி, புழுதிக்குப் பயந்தது, தார், பிளேடு, எல்லாம். மாப்பிள்ளை கீறலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அந்த அம்மாவுக்குக் காலில் ஒன்றும் ஆகவில்லையே, மாமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

மூன்று நாளாக வண்டியைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்த நாம், அதை விசாரிக்கவே இல்லை.

மறு வாரம் வீட்டம்மாள் ஒரு நூல் சேலை வாங்கி வைத்தாள். இருவருமாக ஒட்டன்சத்திரம் சாலையில் போனோம். அந்த இடத்தில் தளம் போட்டு முடிந்து, வெள்ளைக் கோடும் தீட்டிவிட்டார்கள். வேலையாட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று சாலையோரக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. மரத்தடியில் நிழல் மட்டும் இருந்தது.

மாப்பிள்ளை வண்டியை எடுத்துச் சென்றுவிட்டார். நம் பழைய வண்டியின் பின்பெட்டியில் இப்போது ஒரு சீசா தேங்காயெண்ணெய், நான்கு மெல்லிய துணி, ஒரு குடுவைத் தண்ணீர், அந்தச் சேலை ஆகியவை இருக்கின்றன. சாலையில் சிவப்புத் துணி ஆடுவதைக் கண்டால் உடனே மண் பாதையில் இறங்கி, மெதுவாகப் போய், கூடை சுமப்பவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு செல்கிறோம். வண்டியில் புழுதி படியத்தான் செய்கிறது. புழுதிக்குத் தண்ணீர் போதும்.